சாகாத வீட்டுக்கு வந்த வெள்ளை

“எத்தனை மணிக்கு எடுக்கிறது எண்டுதான் தாயே கேட்டனான்—”

“ஆரை எடுக்கிறது? ஆரையடா எடுக்கிறது? முதல் உந்த வாயைக் கழுவு!”

“வாத்தியார் ஐயாவை—”

“அவர் விடியக் கஞ்சி குடிச்சிட்டுக் கொடிகாமத்துக்குப் போனவர்! உயிரோடை திரியிற மனிசனுக்கு வெள்ளை கொண்டுவந்து நிக்கிறியே, உனக்கென்ன விசரோ?”

“சா வீடு, வெள்ளை கட்ட வா எண்டு சொன்னவை தாயே, அதுதான்—”

“ஆர் சொன்னது? பேரைச் சொல்லு!”

“சொன்னவை...”

வேலிப் படலையின் உட்புறம் நின்றவள் பூரணம். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. ஒரு கை படலையில், மறு கை வயிற்றில். வெளியே தலையில் துணி மூட்டையோடு நின்றவன் ஏரம்பு. அரியாலை ஊரின் துணி தோய்க்கும் கட்டாடி. கலியாணம் என்றாலும் சா என்றாலும் வீட்டு முகட்டின் கீழே வெள்ளைத் துணி கட்டுவது கட்டாடியின் உரிமை வேலை. அந்த உச்சி வெயிலில் சாவகச்சேரி வீடொன்றின் வாசலில், வெள்ளை வந்துவிட்டது. பிணந்தான் இல்லை.

பூரணத்தைப் பார்க்க வந்து, உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த மகாதேவி துவாயோடு வெளியே வந்தாள். அரசாங்க மருத்துவிச்சியாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவள். தென்மராட்சியில் எந்த வீட்டு அறைக்குள்ளும் கேளாமல் போகக்கூடியவள் என்பதால், பொலிசுக்குத் தெரியாத பலதும் அவளுக்குத் தெரியும். கைதடிக் கோயில் நகை களவு போனபோது, கள்ளனை அவனுடைய மனைவியின் பேறுகால அறையில் வைத்தே பிடித்துக் கொடுத்தவள். ஊரெல்லாம் அவளுக்கு ‘மிஸி’ என்றுதான் பெயர்.

“பூரணம், நீ போய் இரு. நிண்டு கத்தினால் பிள்ளைதான் பயப்பிடும். ஏரம்பு, மூட்டையை இறக்கு.”

அவன் இறக்கினான்.

“சொன்னவன் ஆர்?”

“முகம் தெரியேல்லை மிஸி. வேலிக்கு அங்காலை நிண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்.”

“சைக்கிளிலை வந்தவனோ?”

“ஓம், சைக்கிள்.”

“அரியாலைக்கு இந்தச் செய்தியைக் கொண்டு ஆர் சைக்கிள் உழக்கிறது? கார் வந்திருக்கும்.”

“ஓம் மிஸி... கார்தான்.”

“இன்னும் ரண்டு கேள்வி கேளுங்கோ மிஸி, கப்பலிலை வந்தவன் எண்டுவான்” என்றான் வாசலில் காரோடு நின்ற கனிசியஸ். குருநகர்க்காரன், பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை வாடகைக்கு ஓடுகிறவன். மிஸியின் காரோட்டி, கையாள், வாய் எல்லாம் அவன்தான். பயம் கூடக்கூட அவனுக்குப் பகிடியும் கூடும். அன்று காலையிலிருந்து கொஞ்சம் அதிகமாகவே பகிடி விட்டுக்கொண்டிருந்தான்.

பூரணம் இருக்கவில்லை. அங்கேயே நின்றாள்.

“மிஸி, இவனைக் கம்பனிக்காரர்தான் அனுப்பியிருக்கினம். இது எச்சரிக்கை. இண்டைக்கு அவரை முடிக்கப்போயினம்.”

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1936 மாசி மாதம். சட்டசபைத் தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள். பள்ளிக்கூட வேலையை எறிந்துவிட்டு மஞ்சள் நிற வாக்குப் பெட்டியில் வேட்பாளராய் நின்றவர் அவள் கணவர் சோமசேகரம் வாத்தியார். கடல்நீரேரிக் கரை முழுவதையும் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குக் கேட்டிருந்தது தீபகற்ப உப்புக் கம்பனி. கிடைத்தால், கரையில் வலை காயப்போடவும் கம்பனியிடம் சீட்டு வாங்கவேண்டும். வாத்தியார் சந்தை சந்தையாய் ஏறிச் சொன்னது ஒன்றுதான்: “சட்டசபையிலை கை தூக்கிறது எங்கடை ஆக்கள். அந்தக் கையிலை கயிறு கட்டி இழுக்கிறது கம்பனி!”

இன்று ஐந்து மணிக்கு யாழ்ப்பாணம் முற்றவெளியில் அந்தக் கயிற்றைக் காட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். அரசாங்கம் கொண்டுவரப்போகும் குத்தகைச் சட்டத்தின் வரைவு, கம்பனிக் கந்தோரிலேயே தட்டச்சில் அடித்த கடுதாசி. ஓரத்தில் கம்பனித் துரையின் பென்சில் திருத்தங்கள். ஒரே ஒரு பிரதி. அது அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது.

“அவர் எப்பிடிப் போறார்?” என்று மகாதேவி கேட்டாள்.

“வழக்குப் பேசுற பிரக்கிராசியார் நீக்கிலாப்பிள்ளை மூண்டு மணிபோலை தன்ரை காரிலை கூட்டிக்கொண்டு போவார். தேர்தல் வேலை முழுக்க அவர்தானே தலையிலை போட்டுச் செய்யிறார். அவர் பக்கத்திலை இருக்கிறதுதான் எனக்கு ஒரு ஆறுதல்.”

ஏரம்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருவரையும் பாராமல் கேட்டான்.

“வெள்ளை கட்டினபடி கிடந்தால்... ஐயா அதைக் கண்டுபோட்டு வெளிக்கிடமாட்டார்தானே மிஸி?”

மகாதேவி துவாயை மடித்துத் தோளில் போட்டாள். மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். நான்கு வெள்ளை விரிப்புகள். கட்டில் விரிப்புகள், விலை கூடியவை. ஒவ்வொன்றின் மூலையையும் தேடிப் பிடித்தாள். சேங்கொட்டைச் சாற்றால் போட்ட கறுப்புக் குறி. இரண்டு புள்ளி, குறுக்கே ஒரு கோடு. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று கட்டாடி தனக்காகப் போட்டுக்கொள்ளும் அடையாளம். நான்கிலும் ஒரே குறி.

“இது ஆற்றை வீட்டுக் குறி ஏரம்பு?”

அவன் படலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அது தொழில் கதை மிஸி. சொல்லக்கூடாது.”

“ஓம். சொல்லாதை. நீ இஞ்சையே இரு. பூரணம், இவனுக்குச் சோறு குடு. வாத்தியார் வந்தால் நான் வருமட்டும் படலையைத் திறவாதை. ஆர் வந்து கூப்பிட்டாலும் திறவாதை.”

“ஆர் வந்தாலுமோ?”

“ஆர் வந்தாலும்.”

அவள் விரிப்புகளை வாரிக்கொண்டு காரில் ஏறினாள்.

கார் கண்டி றோட்டில் ஏறும்வரை கனிசியஸ் பொறுத்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

“மிஸி, கட்டாடியை விட்டிட்டுக் கட்டில் சீலையைக் கைது பண்ணிக்கொண்டு போறம். எந்தப் பொலிசு ஸ்ரேசனிலை குடுக்கிறது?”

“அவனுக்கு ஒருத்தரும் செய்தி சொல்லேல்லை கனிசியஸ். தானாய் வந்தவன்.”

“சாகாத மனிசனுக்கு வெள்ளை கட்டவோ?”

“யோசி. அவன் இருவது வீட்டு அழுக்கைத் தூக்கிறவன். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டிலை இறக்கினான் எண்டு தெரிஞ்சால் அடுத்தநாள் அவனுக்கு ஒரு வீடும் துணி போடாது. பிள்ளையள் பட்டினி. அதோடை, சொன்னாலும் ஆர் நம்பிறது, கட்டாடியின்ரை வாய்ச்சொல்லை? வாத்தியார் பிறந்த வீடு அரியாலை. அவற்றை பிள்ளைத்துணி தோய்ச்சது ஏரம்பின்ரை தாய். அவரைக் காப்பாத்தோணும், வாயும் திறக்கக்கூடாது. கேளாமல் ஒரு வீட்டுப் படலைக்கு அவன் கொண்டுபோகக்கூடியது என்ன?”

கனிசியஸ் கியர் மாற்றினான். பகிடி வரவில்லை.

“வெள்ளை.”

“ஓம். வழக்கமாய் வெள்ளை கட்டேக்கை, தோய்க்க வந்த துணியிலை வீட்டுக்கு ஒண்டாய் எடுப்பான், ஒரு வீட்டுக்காரரும் தேடாயினம். இண்டைக்கு நாலையும் ஒரே வீட்டுச் சீலையாய்க் கொண்டுவந்திருக்கிறான்.”

“அப்ப மூட்டைதான் கடுதாசி. மூலையிலை கிடக்கிறது கையெழுத்து.”

“கையெழுத்து ஆற்றை எண்டு பாப்பம்.”

நாவற்குழிப் பாலம் தாண்டியதும் செம்மணி வெளி. இரண்டு பக்கமும் உப்புப் பூத்த வெறும் நிலம். மரமில்லை, வீடில்லை. கூப்பிட்டால் கேட்க நாரைகள்தான். வெளியின் நட்டநடுவே ஒரு லொறி பாதி றோட்டை மறித்து நின்றது. முன்மூடி திறந்திருந்தது. ஐந்து பேர்.

கனிசியஸ் காரை மெதுவாக்கினான். “என்னண்ணை, என்ன பழுது?”

“தண்ணி கொதிச்சுப்போச்சு. நீ போ.”

“தண்ணி வேணுமெண்டால் என்னட்டை—”

“போ எண்டு சொன்னனான்!”

கார் ஒதுங்கிக் கடந்தது.

“மிஸி.”

“சொல்லு.”

“கதைச்சவன் றேடியேற்றர் மூடியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டவன். வெறுங்கையாலை. தண்ணி கொதிச்ச வண்டியின்ரை மூடியைத் தொட்டால் தோல் அதோடை போயிடும். எனக்கு ஒருக்காப் போனது.”

“மற்றவை?”

“பழுதெண்டால் ஒருத்தனாவது எஞ்சினைப் பாப்பான். நாலு பேரும் பாலத்தை எல்லே பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். லொறிக்குச் சுகமில்லாதது இல்லை மிஸி. ஆருக்கோ சுகமில்லாமல் வரப்போகுது.”

மகாதேவியின் உள்ளங்கை வேர்த்தது. கால் முன்னே வந்த பிள்ளைகளை இழுத்தெடுத்த கைகள். அப்போதெல்லாம் வேர்த்ததில்லை. அவள் கையை விரிப்பில் துடைத்தாள். பிறகு அது எந்த வீட்டு விரிப்பு என்ற நினைப்பு வந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அரியாலையில் ஏரம்பின் வளவு. கொடிகளில் ஊரின் வேட்டியும் சேலையும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. குடிசை விறாந்தையில், தோய்த்து மடித்த துணிகள் வீட்டுக்கு ஒரு குவியலாய்ப் பன்னிரண்டு, பதின்மூன்று. நடுவே ஏரம்பின் மனைவி நல்லம்மா. காரைக் கண்டதும் முகம் வெளிறிப்போய் எழும்பினாள்.

“மிஸி? அவருக்கு என்ன? அவரை ஏதும்—”

“ஒண்டுமில்லை. சாவகச்சேரியிலை இருந்து சோறு தின்னுறான்.”

நல்லம்மா நெஞ்சில் கை வைத்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளையும் எடுத்தவள் மகாதேவி. ஆனாலும் குறி யாருடையது என்று கேட்டால் சொல்ல மாட்டாள். கட்டாடிச்சியும் கட்டாடிதான்.

கனிசியஸ் காதோடு சொன்னான்: “கேளுங்கோ மிஸி. நேரம் போகுது.”

“கேட்டால் பொய்தான் வரும்.” குரலை உயர்த்தினாள். “இந்தா பிள்ளை, அவன் கொண்டுவந்த விரிப்பு. அங்கை தேவைப்படேல்லை. கசங்கிப் போச்சு, உரிய துணியோடை சேர்த்து வை. அந்த வீட்டுக்காரர் தேடப்போயினம்.”

அவ்வளவுதான் சொன்னாள்.

நல்லம்மா விரிப்புகளை வாங்கினாள். மூலையைப் பார்க்கக்கூட இல்லை. விரலால் ஒரு தடவு. இருபது வருடப் பழக்கம். நேராகப் போய், சுவரோரம் இருந்த மூன்றாவது குவியலின் மேல் வைத்து, ஓரம் தட்டிச் சரி செய்தாள்.

அந்தக் குவியலில் ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் போடுகிற கறுப்புக் கோட்டு. பக்கத்தில் கழுத்துக்குக் கட்டும் வெள்ளைப் பட்டி. அதன் கீழே மடித்தபடி ஒரு மஞ்சள் சால்வை.

கனிசியஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

“மஞ்சள் சால்வை போட்ட பிரக்கிராசி... அரியாலையிலை ஒரே ஆள்தானே மிஸி? மேடையிலை ‘கம்பனி ஒழிக’ எண்டு எல்லாருக்கும் முதல் கத்திறவர்?”

“முதல் கத்திறவரைத்தான் ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை.”

அப்போதுதான் நல்லம்மாவுக்கு விளங்கியது. தன் கையையே பார்த்தாள்.

“நான் ஒண்டும் சொல்லேல்லை மிஸி!”

“ஓம் பிள்ளை. நீ ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஆர் கேட்டாலும் நான் சத்தியம் பண்ணுவன்.”

நல்லம்மா விசும்பினாள். “அவர் முந்தநாள் அந்த வீட்டுப் பின்வாசலிலை அழுக்கு எடுக்கப் போனவர். வந்து ரண்டு நாளாய்ச் சோறு தின்னேல்லை. என்ன கேட்டாலும், ‘வெளியிலை விடப்போயினம், வெளியிலை விடப்போயினம்’ எண்டு மட்டும் சொன்னவர்.”

“அது செம்மணி வெளி! அந்த லொறி!” என்றான் கனிசியஸ். அவன் காரை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தான்.

திரும்பும்போது லொறி அங்கேயே நின்றது. மூடி இன்னும் கையில்தான். ஐந்து பேரும் காருக்குள் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் முதுகுக்குப் பின்னால் கை வைத்து, இடுப்பில் கட்டிய சாரத்தை இறுக்கினான். சாரத்துக்குள் நீளமாய் ஏதோ இருந்தது.

“சிரி கனிசியஸ்.”

“எனக்குப் பல்லுத்தான் ஆடுது மிஸி. தூரத்திலை இருந்து பாத்தால் சிரிப்பு மாதிரி இருக்கும்.”

விட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய கார் இதுவல்ல.

“வாத்தியார் வீட்டை வந்திருப்பார். பூரணம் மறிச்சிருப்பாள்” என்றாள் மகாதேவி.

“கொடிகாமத்திலை இருந்து நேரே ஏத்திக்கொண்டு வந்தால்?”

பாலம் வந்தது. பாலத்துக்கு அப்பால், நாவற்குழிச் சந்தியில், பதில் நின்றது.

முந்நூறு பேருக்குக் குறையாத சனம். மஞ்சள் கொடிகள், மாட்டு வண்டில்கள், கைதடியிலிருந்தும் மட்டுவிலிலிருந்தும் நடந்து வந்த கமக்காரர், கூடையோடு மீன்காரப் பெண்கள். நடுவே பிரக்கிராசியாரின் கறுப்புக் கார். பின் ஆசனத்தில் கழுத்து நிறைய மாலையோடு சோமசேகரம் வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகவே இல்லை. அவருக்கு வெள்ளை வந்த கதையும் தெரியாது.

நீக்கிலாப்பிள்ளை காருக்குள் இல்லை. றோட்டில் நின்றார். கை கார்க் கதவில்.

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ வாத்தியார். நான் சனத்தை ஒழுங்குபடுத்திக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“மிஸி,” என்றான் கனிசியஸ், “பிரக்கிராசியார் காரை விட்டு இறங்கிட்டார்.”

“கண்டனான்.”

“கத்துங்கோ! கொலைகாரன் எண்டு கத்துங்கோ!”

“என்ன சாட்சி? நாலு கட்டில் சீலையும் ஒரு கட்டாடிச்சியின்ரை கையும். இந்தச் சனம் அவரைத் தோளிலை தூக்கினது. எங்களைத்தான் அடிக்கும். அதுக்கிடையிலை கார் போயிடும். நல்லம்மாவையும் ஏரம்பையும் நாளைக்கு ஆர் காப்பாத்திறது?”

“அப்ப?”

கறுப்புக் காரின் எஞ்சின் உறுமியது.

மகாதேவி இறங்கினாள். நடந்தாள். சனத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காரின் மூக்குக்கு முன்னே நின்றாள். வயிற்றிலிருந்து குரலெடுத்தாள். இருபத்தாறு வருடம் ‘முக்கு, முக்கு’ என்று கத்திப் பழகிய குரல்.

“என்ன வாத்தியார், நல்ல மெத்தையோ?”

சனம் திரும்பியது. வாத்தியார் தலையை வெளியே நீட்டினார்.

“மிஸியோ? என்ன—”

“கம்பனித் துரைமார்தான் காரிலை போறவை எண்டு சொல்லித்தானே வோட்டுக் கேக்கிறீங்கள்? உந்தக் கிழவன் மட்டுவிலிலை இருந்து வெறுங்காலோடை நடந்து வந்திருக்கிறார். நீங்கள் அவற்றை முகத்திலை புழுதி அடிச்சுக்கொண்டு முன்னாலை போறியளோ? போறதெண்டால் போங்கோ. நான் மஞ்சள் பெட்டியிலை போடமாட்டன்!”

மீன்கூடையோடு நின்ற ஒருத்தி சிரித்தாள்.

“மிஸி சொல்லுறது சரிதான்! இறங்கி நடவுங்கோ வாத்தியார், உங்களுக்குக் கால் இல்லையோ?”

“இறங்குங்கோ! எங்களோடை வாங்கோ!”

“விசர்க்கதை!” நீக்கிலாப்பிள்ளை பாய்ந்து வந்தார். “ஐஞ்சு மணிக்குக் கூட்டம்! நடந்து போனால் எத்தனை மணிக்குப் போறது? வாத்தியார், இருங்கோ. றைவர், எடு காரை!”

“எடுக்கட்டும்” என்றாள் மகாதேவி. நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. காரின் சூடு அவள் சேலையில் அடித்தது.

வாத்தியாரின் முகம் சிவந்திருந்தது. வெட்கமோ கோபமோ, இரண்டுமோ. பிறகு கதவு திறந்தது. அவர் இறங்கினார். செருப்பைக் கழற்றிக் காருக்குள்ளேயே போட்டார்.

“மிஸி சொன்னது சரி. நடப்பம்!”

சனம் ஆர்ப்பரித்தது. முந்நூறு பேரும் அவரைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். நடுவில் அவர் தலையில் கட்டிய துண்டுகூடத் தெரியவில்லை.

கனிசியஸ் பக்கத்தில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இவ்வளவு சனத்தைக் கண்டால் லொறி தானாய்ச் சுகமாயிடும் மிஸி. ஆனால் என்ரை கால் சுகமாகேல்லை. இன்னும் நடுங்குது.”

“என்ரையும்.”

கொடிகள் பாலத்தின் மேல் ஏறின. சந்தியில் மிஞ்சியது கறுப்புக் கார், றைவர், இவர்கள் இருவர், பிரக்கிராசியார். அவர் பாலத்தைப் பார்த்தார். பாலத்துக்கு அப்பால் வெளி இருந்த திக்கைப் பார்த்தார். கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். அது உடனே நனைந்தது.

மகாதேவி காரின் பின் கதவை அவருக்காக அகலத் திறந்து பிடித்தாள்.

“மேடையிலை ஆரும் ஒராள் முதல் போய் நிக்கத்தானே வேணும், பிரக்கிராசியார். வாத்தியாற்றை இடம் சும்மா கிடக்குது. நீங்கள் ஏறி, செம்மணி வெளியாலை முன்னாலை போறியளோ?”